அம்மா சொன்ன பொய்

"என்ன, செட்டில் ஆயிட்டீங்களா?"

ஊர் திரும்பியதிலிருந்து பார்க்கிற தோழர்கள், சொந்தக்காரர்கள், பழைய கல்லூரி நண்பர்கள் எல்லோரும் கேட்பது இந்த ஒரே கேள்விதான். "ஆயிட்டோம்" என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவோம். உண்மையான பதிலை நின்றபடி சொல்லி முடிக்க முடியாது. அதனால் இங்கே எழுதுகிறோம். குறிப்பாக, படிப்புக்கோ வேலைக்கோ வெளிநாடு போய், என்றாவது ஒருநாள் திரும்பி வரப்போகிற தம்பி தங்கைகளுக்காக.

நாங்கள் இருவர். இணையர். ஒருவர் சமூகவியலில் முதுகலை முடித்துச் சமூகப் பணிக்கு வந்தவர். இன்னொருவர் செவிலியர். இருவரும் திருவள்ளூர் மாவட்டத்துச் சேரிகளில் பிறந்தவர்கள். புலம்பெயர் தொழிலாளர்களுக்கான திட்டங்களில் ஒப்பந்த வேலை கிடைத்து ஒன்பது வருடம் வெளியே இருந்தோம். மலேசியாவின் கிள்ளானில் நான்கு வருடம், கத்தாரில் இரண்டு வருடம், மிச்சம் இலங்கை மலையகத்திலும் காத்மாண்டுவிலும். ஆளுக்கு ஒரு பெட்டி. அதற்குமேல் எதையும் சேர்த்து வைக்கவில்லை. ஒப்பந்தம் முடிந்தால் பெட்டியை மூடிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

அம்மாவுக்காகத்தான் திரும்பினோம். எங்களில் ஒருவரைப் பெற்றவர், இருவருக்கும் அம்மா. அப்பா இறந்த பிறகு காலனி வீட்டில் தனியாக இருந்தார். சர்க்கரை, முட்டி வலி, கண்ணில் புரை. மாதம் இரண்டு முறை பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும். எங்களுக்கு வேலை பூந்தமல்லி சுற்றுவட்டாரத்தில் கிடைத்தது. அம்மாவுக்கு ஆவடி ஸ்டேஷனில் ரயில் ஏறினால் சென்ட்ரல். இரண்டுக்கும் நடுவில் ஆவடி - பூந்தமல்லி சாலையில் இருக்கிறது பருத்திப்பட்டு. பெட்டியைத் திறந்து, துணியை அலமாரியில் அடுக்கி, இனி இதுதான் வீடு என்று உட்கார ஆசைப்பட்ட இடம் அது.

பதினோரு வீடு பார்த்தோம்.

முதல் கேள்வி எல்லா வீட்டிலும் ஒன்றுதான். "எங்க வேலை பார்க்கறீங்க?" வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறோம் என்றதும் முகம் மலரும். நாற்காலி வரும், காபி வரும். மலேசியா எப்படி, கத்தாரில் வெயில் எப்படி, அங்கே சம்பளம் எவ்வளவு. பிறகு கேள்விகள் மெல்ல வளைந்து வரும். "சைவமா, அசைவமா?" "சொந்த ஊர் எது?" "ஊர்ல எந்தப் பக்கம்?" "குலசாமி கோயில் எங்க?" நான்காவது கேள்விக்குள் அவர்களுக்குப் பெரும்பாலும் விடை தெரிந்துவிடும். தெரியாவிட்டால் நேராகவே, "நீங்க என்ன ஆளுங்க?"

சொன்னோம். ஒவ்வொரு வீட்டிலும் சொன்னோம். ஒன்பது வருடம் மேடைகளிலும் பயிற்சிப் பட்டறைகளிலும் மற்றவர்களுக்கு உரிமை பேசிய வாய், சொந்த வீட்டு விஷயத்தில் மூடிக்கொள்ளக் கூடாது என்று இருவரும் பேசி வைத்திருந்தோம். சொன்ன பிறகு யாரும் எங்களைத் திட்டவில்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எல்லோரும் மரியாதையாகவே பேசினார்கள். ஒரு வீட்டில், "தப்பா எடுத்துக்காதீங்க தம்பி, நாங்க இதெல்லாம் பாக்கறதில்ல. மாமியார் இருக்காங்க, பழைய காலத்து மனுஷி" என்றார்கள். இன்னொரு வீட்டில், "எங்களுக்கு ஒண்ணுமில்ல, பக்கத்து போர்ஷன்காரங்க ஒத்துக்க மாட்டாங்க." மூன்றாவது வீட்டில், "வீட்டுக்காரர்கிட்ட கேட்டுட்டு போன் பண்றேன்மா." போன் வரவில்லை. பதினோரு வீட்டிலும் சாதி பார்க்கிற ஆளை நாங்கள் சந்திக்கவே இல்லை. சாதி பார்க்கிறவர் எப்போதும் அங்கே இல்லாத இன்னொருவராகவே இருந்தார்.

வெளிநாட்டில் மட்டும் கதவு திறந்தே கிடந்ததா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. மலேசியாவில் வாடகை விளம்பரத்திலேயே எந்த இனத்தவருக்கு வீடு, யாருக்கு இல்லை என்று எழுதுகிறவர்கள் உண்டு. இந்தியர்கள் என்பதற்காக எங்களையும் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் அந்த வலியைப் பகிர்ந்துகொள்ள அங்கே ஆள் இருந்தது. அடுத்த மேசையில் சாப்பிடுகிற தமிழருக்கும் அதே கதை நடந்திருக்கும். சேர்ந்து திட்டிவிட்டுச் சேர்ந்து சிரிப்போம். அதே தமிழர்களில் சிலர், பழகி ஆறு மாதம் ஆனதும், "ஊர்ல நீங்க எந்தத் தெரு?" என்று கேட்டதும் உண்டு. சாதிக்குப் பாஸ்போர்ட் தேவையில்லை என்று அப்போதே தெரியும். இருந்தாலும் கிள்ளானில் திருப்பி அனுப்பியவர் எங்கள் மொழி பேசவில்லை. பருத்திப்பட்டில் திருப்பி அனுப்பியவர் எங்கள் மொழியில், காபி கொடுத்து, "தம்பி" என்று கூப்பிட்டு அனுப்பினார். இந்த இரண்டாவதைத் தாங்க எங்களுக்குப் பழக்கம் விட்டுப் போயிருந்தது.

பன்னிரண்டாவது வீட்டை அம்மா பிடித்தார். நாங்கள் இருவரும் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள், புரோக்கரோடு ஆட்டோவில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "பேசி முடிச்சிட்டேன். பதினோராயிரம் வாடகை, அறுபதாயிரம் அட்வான்ஸ். மாடி போர்ஷன். நாளைக்கே பால் காய்ச்சிடலாம்" என்றார். எப்படிக் கிடைத்தது என்று நாங்கள் கேட்கவில்லை. அலைந்து களைத்திருந்தோம். கேட்காமல் இருந்தது சௌகரியமாகவும் இருந்தது. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்த ஐந்து மாதம் நாங்கள் நிஜமாகவே செட்டில் ஆனோம். கேஸ் இணைப்பு மாற்றினோம். ரேஷன் கார்டில் முகவரி மாற்றினோம். சுவரில் காலண்டர் தொங்கியது. காலையில் பருத்திப்பட்டு ஏரிக்கரைக்கு நடக்கப் போனோம். நாங்கள் கிளம்பிப் போன காலத்தில் கழிவுநீரும் ஆகாயத்தாமரையுமாகக் கிடந்த ஏரி அது. 2019ல் சீரமைத்துப் பூங்காவாகத் திறந்தார்கள். இப்போது கரையில் நடைபாதை இருக்கிறது, தண்ணீரில் பறவைகள் இருக்கின்றன. ஒன்பது வருடத்தில் எந்த ஊரிலும் ஒரே டீக்கடையில் "வழக்கம்போலவா?" என்று கேட்கிற அளவுக்கு நாங்கள் இருந்ததில்லை. இங்கே கேட்டார்கள். சின்ன விஷயம்தான். ஆனால் வீடு என்பதே இப்படிப்பட்ட சின்ன விஷயங்களால் ஆனது.

சில விஷயங்கள் உறுத்தின. உறுத்தியதை நாங்கள் கவனிக்காத மாதிரி இருந்தோம். பெட்டியின் அடியில் பத்திரமாகக் கொண்டுவந்த பாபாசாகேப் படத்தை ஹாலில் மாட்டலாம் என்றபோது, "ஆணி அடிச்சா ஹவுஸ் ஓனர் திட்டுவாங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் அம்மா. காலண்டருக்கு மட்டும் ஆணி இருந்தது. கருவாடு வறுத்தால் ஜன்னலை மூடினார். ஊரிலிருந்து வந்த தம்பி மகனின் பைக்கில் நீல நிற ஸ்டிக்கர் இருந்ததால், வண்டியை டீக்கடைப் பக்கம் விட்டுவிட்டு நடந்து வரச் சொன்னார். சொந்தக்காரர்களை "ஞாயித்துக்கெழம நாங்களே வர்றோம்" என்று சொல்லி இங்கே வரவிடாமல் பார்த்துக்கொண்டார்.

ஆடி மாதம். கீழ்வீட்டு அம்மா தூக்கில் கூழும், கிண்ணத்தில் முருங்கைக்கீரையும் எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தார். நல்ல மனுஷி. அம்மாவுக்கு முட்டி வலி அதிகமான நாட்களில் தைலம் கொண்டுவந்து கொடுப்பார். உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவர் சாதாரணமாகச் சொன்னார். "நம்மாளுங்க வீடுன்னாலே ஒரு நிம்மதி. அம்மா அன்னைக்கு வந்து சொன்னப்பவே இவரு சரின்னுட்டாரு."

அவர் சொன்ன சாதிப் பெயரை இங்கே எழுத வேண்டியதில்லை. அது எங்களுடையது அல்ல.

அவர் கீழே இறங்கிப் போன பிறகு வீட்டில் யாரும் கூழைத் தொடவில்லை. நாங்கள் அம்மாவிடம் கத்தினோம். வெட்கமாக இல்லையா என்று கேட்டோம். நாங்கள் என்ன வேலை செய்கிறோம், என்ன பேசுகிறோம் என்று தெரிந்தும் இப்படிச் செய்யலாமா என்று கேட்டோம். அம்மா கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு சொன்னார்.

"ஒம்போது வருஷம் நீங்க அங்க இருந்தீங்க. நான் இங்க இருந்தேன். பதினோரு வாசல்ல நிஜத்தச் சொன்னீங்களே, ஒருத்தராவது சாவியக் கொடுத்தாங்களா?"

எங்களிடம் பதில் இல்லை.

அன்றிரவு இருவரும் தூங்கவில்லை. எத்தனையோ முறை மாணவர்களுக்கு வாசித்துக் காட்டிய புத்தகம் ஒன்று நினைவுக்கு வந்தது. அம்பேத்கர் தன் வாழ்வில் நேர்ந்த தீண்டாமை அனுபவங்களை எழுதி வைத்த சிறு நூல், 'விசாவுக்காகக் காத்திருத்தல்'. அவர் மறைந்து பல வருடம் கழித்து 1990ல் தனி நூலாக வந்தது. அதில் பரோடா பகுதியை மறுபடி எடுத்து வாசித்தோம்.

1913ல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் கொடுத்த உதவித்தொகையில் நியூயார்க் போனார் அம்பேத்கர். கொலம்பியா பல்கலைக்கழகம், பிறகு லண்டன். 1917ல் திரும்பினார். உதவித்தொகை ஒப்பந்தப்படி பரோடா சமஸ்தானத்தில் வேலை செய்ய வேண்டும். வெளிநாட்டில் கழித்த ஆண்டுகள் தான் தீண்டத்தகாதவன் என்ற உணர்வையே மனதிலிருந்து துடைத்துவிட்டிருந்தன என்று எழுதுகிறார். பரோடா ரயில் நிலையத்தில் இறங்கியதும் அந்த உணர்வு திரும்பி வருகிறது. எங்கே தங்குவது? இந்து விடுதிகளில் இடம் கிடைக்காது. ஒரு பார்சி விடுதிக்குப் போகிறார். பார்சிகளுக்கு மட்டுமே இடம் என்கிறார் காப்பாளர். கடைசியில் பதிவேட்டில் ஒரு பார்சிப் பெயரை எழுதிக்கொண்டு தங்க வைக்கிறார். நாளுக்கு ஒன்றரை ரூபாய். பழைய சாமான்கள் அடைத்துக் கிடந்த இருட்டு மாடியில், தனியாக, வேறு பெயரில் இருக்கிறார். பதினோராவது நாள் காலை தடிகளோடு பார்சிகள் ஒரு டஜன் பேர் மாடியேறி வந்து நிற்கிறார்கள். மாலைக்குள் காலி செய்ய வேண்டும் என்கிறார்கள்.

அன்று பகல் அவர் இரண்டு நண்பர்களிடம் போகிறார். ஒருவர் இந்து. நீ வந்தால் என் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்கிறார். இன்னொருவர் கிறிஸ்தவர். மனைவியிடம் கேட்க வேண்டும் என்கிறார். இருவருமே தாங்கள் சாதி பார்க்கிறோம் என்று சொல்லவில்லை. 1917லும் சாதி பார்க்கிறவர் அங்கே இல்லாத இன்னொருவர்தான்! பம்பாய் ரயில் இரவு ஒன்பது மணிக்கு. அதுவரை போக இடமில்லாமல் காமாட்டி பாக் என்ற பொதுப் பூங்காவில் போய் உட்கார்ந்தார், கொலம்பியாவில் படித்துத் திரும்பிய அந்த இளைஞர்.

இந்தப் பகுதியை மாணவர்களுக்கு வாசித்துக் காட்டும்போதெல்லாம் தடியோடு வந்த கூட்டத்தைப் பற்றித்தான் பேசுவோம். அன்றிரவு எங்கள் கண் நின்றது வேறு இடத்தில். பொய்ப் பெயரில் கழிந்த அந்தப் பத்து நாட்களில். பேசத் துணை இல்லாத மாடி. படியில் சத்தம் கேட்டால் யாரோ என்று துடிக்கிற நெஞ்சு. எங்கள் மாடியில் அம்மா ஐந்து மாதமாக அப்படித்தான் இருந்திருக்கிறார். நாங்கள் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தபோது, அவர் ஜன்னலை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார். நாங்கள் அனுபவித்த 'செட்டில்' ஆன சுகத்துக்கு அவர் வாடகை கட்டிக்கொண்டிருந்தார்.

சாதியை மறைக்கிறவர்களை நம் இயக்க வட்டாரத்தில் கொஞ்சம் கேவலமாகத்தான் பேசுவோம். நாங்களும் பேசியிருக்கிறோம். அன்றைக்குப் பிறகு பேசுவதில்லை. மறைப்பது கோழைத்தனம் என்று சொல்ல, மறைக்காதவர்களுக்கு வீடு கிடைக்கிற ஒரு நாடு முதலில் இருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில் அம்மா சொன்னது பொய்யே ஆனாலும், அந்தப் பொய்யைச் சொல்ல வைத்தவர்கள்தான் முதல் குற்றவாளிகள்.

ஆனாலும் அந்தப் பொய்யில் தொடர்ந்து வாழ முடியாது என்று தோன்றியது. மூன்று வாரம் பேசினோம். அம்மா சம்மதிக்காமல் எதுவும் செய்வதில்லை என்று முடிவெடுத்தோம். பயத்தோடு பகல் முழுக்க வீட்டில் இருக்கப்போகிறவர் அவர்தான். கடைசியில் ஒருநாள் அவரே, "நான் சொன்ன பொய்ய நானே போய்ச் சொல்லிட்டு வர்றேன்" என்று தூக்கைக் கழுவி எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். நாங்கள் படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

கீழ்வீட்டு அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமேக்கா" என்றார்.

"சொல்லியிருந்தா கொடுத்திருப்பீங்களா?"

அதற்கும் பதில் இல்லை.

யாரும் தடியெடுத்து வரவில்லை. இது பரோடா இல்லை, 1917ம் இல்லை. மாடிக்கு வருவது நின்றது. கையில் வாங்கிக்கொண்டிருந்த வாடகையை "ஜி-பே பண்ணிடுங்க" என்றார்கள். மோட்டார் போடும் நேரம் மாறியது. மாறியதை எங்களுக்குச் சொல்லவில்லை. பதினோரு மாத ஒப்பந்தம் முடியும்போது, "பையன் வர்றான், வீடு வேணும்" என்றார்கள். அட்வான்ஸை ஒரு ரூபாய் பிடிக்காமல் திருப்பிக் கொடுத்தார்கள். காலி செய்த மறுவாரம் அந்த வழியாகப் போனபோது கேட்டில் 'டூ-லெட்' போர்டு தொங்கியது. இவர்களைக் கெட்டவர்கள் என்று எழுத எங்களுக்குக் கை வரவில்லை. கிளம்புகிற அன்று அந்த அம்மா கேட் வரைக்கும் வந்து, எங்கள் அம்மாவிடம், "மாத்திரய விட்டுடாதீங்க" என்றுதான் சொன்னார். நல்ல மனிதர்களைக் கொண்டே சாதி தன் வேலையை முடித்துக்கொள்ளும் என்பதைச் சமூகவியல் வகுப்பில் படித்ததைவிட அந்த கேட்டருகில் நன்றாகப் படித்தோம்.

இனி, உங்களுக்குப் பயன்படக்கூடிய சில செய்திகள்.

இது எங்கள் ஒரு வீட்டுக் கதை இல்லை. 2012ல் சுகதேவ் தோரட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் தில்லியிலும் சுற்றியுள்ள நகரங்களிலும் ஓர் ஆய்வு செய்தார்கள். உயர்சாதி இந்து, தலித், முஸ்லிம் அடையாளங்களோடு ஆட்கள் தொலைபேசியிலும் நேரிலும் வாடகைக்கு வீடு கேட்டார்கள். தொலைபேசியில் கேட்ட உயர்சாதி இந்துக்களில் ஒருவர்கூட மறுக்கப்படவில்லை. தலித்துகளும் முஸ்லிம்களும் மறுக்கப்பட்டார்கள், அல்லது கூடுதல் நிபந்தனைகளோடு ஏற்கப்பட்டார்கள். 2015ல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி' இதழில் வந்தது. சமூகவியல், சமூகப் பணி படிக்கும் தம்பி தங்கைகள் அதைத் தேடிப் படியுங்கள். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லியில் இதே முறையில் செய்து பார்க்க ஒரு வகுப்பு மாணவர்கள் போதும்.

சட்டம் என்ன சொல்கிறது? அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு கடை, உணவகம், விடுதி, கிணறு, குளம், சாலை எல்லாவற்றையும் பெயர் சொல்லித் திறந்துவிட்டது. பரோடா விடுதியில் நடந்தது இன்று நடந்தால் அந்தப் பிரிவுக்குள் வரும். வாடகை வீடு அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இல்லை. ஆனால் 17வது பிரிவு தீண்டாமையை எந்த வடிவத்திலும் தடை செய்கிறது. அதை நடைமுறைப்படுத்த 1955ல் வந்த சட்டத்தின் (இன்றைய பெயர் குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டம்) 4வது பிரிவு, தீண்டாமையின் பேரில் ஒருவர் எந்தப் பகுதியிலும் குடியிருப்பு கட்டுவதையோ வாங்குவதையோ குடியிருப்பதையோ தடுப்பது குற்றம் என்கிறது. இந்த வரி அங்கே இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? எங்களுக்கே தாமதமாகத்தான் தெரிந்தது.

தெரிந்தாலும் சிக்கல் இருக்கிறது. "பையன் வர்றான்" என்ற காரணத்துக்கு எதிராக எந்தக் காவல் நிலையத்தில் புகார் கொடுப்பது? 2005ல் ஒரு பார்சி வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கத்தின் வழக்கில், உறுப்பினராகப் பார்சிகளை மட்டுமே சேர்ப்போம் என்ற விதி செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உறவை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் 2017ல் புதுச் சட்டம் வந்தது. ஒப்பந்தம், முன்பணம், வாடகை உயர்வு எல்லாம் பேசுகிறது. சாதி பார்த்து வீடு மறுப்பதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தபோது, வேலையோடு வாடகை வீட்டையும் அதில் சேர்த்தது. சியாட்டிலில் வீடு தேடும் தலித்துக்குக் கையில் இருக்கிற அந்தத் தெளிவான ஒரு வரி பருத்திப்பட்டில் வீடு தேடுகிறவருக்கும் வேண்டும்.

இதே ஆவடியில்தான் 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோசலிச பாணிச் சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டது. குடியுரிமைகள் சட்டமும் அதே வருடம் வந்ததுதான். பின்னர் இங்கே டாங்கித் தொழிற்சாலை வந்தது, குவார்ட்டர்ஸ் வந்தது. குவார்ட்டர்ஸில் வீடு ஒதுக்குவது பதவி வரிசைப்படி. குலசாமி கோயில் எங்கே என்று அந்த விண்ணப்பத்தில் கேட்பதில்லை. நம் மக்களில் பலருக்குச் சேரிக்கு வெளியே முதல் முகவரி கிடைத்தது இப்படிப்பட்ட அரசுக் குடியிருப்புகளில்தான். பாபாசாகேபுக்கும் அப்படித்தான். பம்பாய் பரேலில் அவர் குடும்பம் பல வருடம் வாழ்ந்த இரண்டு சின்ன அறைகள், பம்பாய் மேம்பாட்டு டிரஸ்ட் என்ற பொது அமைப்பு கட்டிய குடியிருப்பில் இருந்தவை. அவர் லண்டன் போய் வந்துகொண்டிருந்த காலத்தில் ரமாபாய் வீட்டைக் கட்டி இழுத்தது அங்கேதான். சொந்த மனையில் ராஜகிருகம் எழுந்தது 1930களில்தான். தனியார் விடுதி விரட்டியது. பொதுக் குடியிருப்பு சேர்த்துக்கொண்டது. கதவின் சாவி யார் கையில் இருக்கிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அரசு வீடு கட்டும் பொறுப்பிலிருந்து ஒதுங்கி எல்லாவற்றையும் தனியார் வாடகைச் சந்தையிடம் விட்டால், அந்தச் சாவி மீண்டும் "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்கிறவர் கைக்கே போகும்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். 'பறையன்' இதழை 1893ல் தொடங்கிய நம் தாத்தா இரட்டைமலை சீனிவாசன். லண்டன் போகக் கிளம்பி, வழியில் தென்னாப்பிரிக்காவில் நின்று, அங்கே நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். வெளியிலேயே ஏறக்குறைய இருபது வருடம் கழித்து 1920களின் தொடக்கத்தில் திரும்பினார். வயது அறுபதைத் தொட்டிருந்தது. யாராக இருந்தாலும் ஓய்ந்து உட்காரும் வயது. அவர் 1923ல் சென்னைச் சட்ட மேலவைக்குப் போனார். மறுவருடம், பொதுச் சாலையும் கிணறும் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். ஊர் திரும்பிய அவர் தெருவைத் திறந்துவிட்ட பிறகே வீட்டைப் பற்றி யோசித்திருப்பார் என்று எங்களுக்குத் தோன்றும். அவர் திறந்த தெருவில்தான் நாங்கள் வீடு தேடி நடந்தோம். தெரு திறந்துவிட்டது. வீட்டுக் கதவைத் திறப்பது நம் தலைமுறை வேலை.

இப்போது இருக்கும் வீடும் பருத்திப்பட்டில்தான், கொஞ்சம் உள்ளே தள்ளி. இந்த முறை முறையை மாற்றிக்கொண்டோம். போர்டில் இருந்த எண்ணைக் கூப்பிட்டதும் முதல் வாக்கியத்திலேயே, "நாங்க எஸ்.சி. வீட்ல அம்பேத்கர் படம் இருக்கும். எல்லாக் கறியும் சமைப்போம். சம்மதம்னா வந்து பார்க்கறோம்" என்று சொல்லிவிடுவோம். பதினான்கு அழைப்பு. தேதி, பகுதி, அவர்கள் சொன்ன பதில் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதினோம். நீங்களும் எழுதுங்கள். ஒருவர் எழுதினால் புலம்பல். நூறு பேர் எழுதினால் ஆதாரம்.

பதினான்காவது அழைப்பை எடுத்தவர் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கொஞ்சம் எரிச்சலோடுதான் பேசினார். "குவார்ட்டர்ஸ்ல முப்பது வருஷம் இருந்தேன். மேல்வீட்டுக்காரன் யாருன்னு எவன் கேட்டான்? வாடகை அஞ்சாம் தேதிக்குள்ள வரணும். அவ்ளோதான்."

குடிபோன அன்று முதல் ஆணியை ஹாலில், வாசலில் நின்றால் தெரிகிற சுவரில் அடித்தோம். அம்மா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றார். படம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது என்று இரண்டு முறை சரிசெய்ய வைத்தார். அன்று இரவு கருவாடு வறுத்தார். ஜன்னலை மூடப் போன கை பாதியில் நின்றது. நின்றதை நாங்கள் பார்த்தோம். ஜன்னல் திறந்தே இருந்தது. ஆனால் இன்றைக்கும் யாராவது படியேறி வரும் சத்தம் கேட்டால் அவர் ஒருமுறை படத்தைப் பார்க்கிறார், பிறகு கதவைப் பார்க்கிறார். அந்தப் பழக்கம் போக எத்தனை வருடம் ஆகும் என்று தெரியவில்லை.

செட்டில் ஆகிவிட்டோமா என்று கேட்டால், பெட்டியைக் காலி செய்துவிட்டோம், படத்தை மாட்டிவிட்டோம். அம்மா அந்தக் கதவைத் திரும்பிப் பார்க்காமல் இருக்கிற நாளில் மீதிப் பதிலைச் சொல்கிறோம்.

ஜெய்பீம்.